மூன்று வயதுக் கைக்கு நோட்டு வேண்டாம்

பள்ளி விட்டு வரும் மூன்றரை வயதுப் பிள்ளையிடம் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன எழுதினே?" என்பதுதான். ஒண்ணும் எழுதலை என்று பிள்ளை சொன்னால் பெரியவர்களின் முகம் மாறிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலுகோடு நோட்டில் ஏ முதல் இசட் வரை எழுதி ஸ்டார் வாங்கி வருகிறது. நம் பிள்ளையோ ஒரு ஜாடியிலிருந்து இன்னொரு ஜாடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறது. "இதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுறோம்?" என்ற ஆற்றாமை எழுகிறது. மாண்டிசோரி முறையை ஒழுங்காக நடத்தும் எந்தப் பள்ளியும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை.

நோட்டு நிறைந்தால் படிப்பு, மற்றதெல்லாம் விளையாட்டு என்ற நம்பிக்கையிலிருந்து பிறக்கும் கேள்வி இது. படித்தவர், படிக்காதவர், ஊர், நகரம் என்ற பேதமே இல்லாமல் நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. அது தவறு. பிள்ளைகளுக்குக் கேடு செய்யும் தவறு.

முதலில் அந்தக் கையைப் பார்ப்போம். நம் மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை அத்தனையும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகி எலும்பாகிக் கடைசி எலும்பின் முறை வரும்போது பிள்ளைக்கு எட்டு வயது கடந்திருக்கும். மூன்று வயதில் பென்சிலை மூன்று விரலுக்குள் அடக்கிப் பிடிக்கும் பலம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்திருக்காது. முஷ்டியாகப் பிடித்துக்கொண்டு தோளிலிருந்து அழுத்துகிறார்கள். தாள் கிழிகிறது, விரல் கடுக்கிறது, அழுகை வருகிறது. கடைசியில் அம்மா கையைப் பிடித்து எழுதவைக்கிறார். இப்படி நிரம்பும் நோட்டில் பிள்ளை கற்றது என்று எதைக் காட்டுவது?

இப்போது அந்தத் தண்ணீர் ஜாடிக்கு வருவோம். பிள்ளை கைப்பிடியை இறுகப் பற்ற வேண்டும், மணிக்கட்டை மெல்லச் சாய்க்க வேண்டும், சிந்துவதற்கு முன் நிறுத்த வேண்டும். சிந்தினால் தானே பஞ்சால் துடைக்க வேண்டும். தவறை யாரும் சுட்டிக்காட்டத் தேவையில்லை, தட்டில் நிற்கும் தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்து அலமாரியில் மரக்கட்டைக் குழிகளில் பொருந்தும் 10 உருளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னக் குமிழ். அதைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும்தான் தூக்க முடியும். பென்சில் பிடிக்கப் போவதும் அதே மூன்று விரல்கள்தான். அந்த வகுப்பில் வெறும் விளையாட்டாக வைக்கப்பட்ட சாமான் ஒன்றுகூடக் கிடையாது.

எழுத்தும் அங்கே உண்டு. பலகையில் உப்புத்தாளால் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்கிறது. கண், காது, விரல் மூன்றின் வழியாகவும் ஓர் எழுத்து உள்ளே போகிறது. இது நமக்குப் புதிதா? விஜயதசமி அன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைக்கும் குடும்பங்கள் எத்தனை! அன்று செய்வது சரியான காரியம். மறுநாளே அந்த விரலில் பென்சிலைத் திணிப்பதுதான் அநியாயம்.

1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் டாக்டர் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். வந்தவர்கள் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். அத்தனை சிறிய வயதில் எழுத்து கற்பிக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று தாய்மார்கள்தான் வந்து கேட்டார்கள். ஆகவே, பெற்றோரின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. அன்றும் அது நியாயம், இன்றும் நியாயம். அந்த ஆசைக்கு மாண்டிசோரி தந்த பதிலைத்தான் பார்க்க வேண்டும். அவர் நோட்டைக் கொடுக்கவில்லை, உப்புத்தாள் எழுத்துகளைச் செய்தார். பிள்ளைகள் தடவிப் பழகினார்கள், வெட்டிய எழுத்துகளை அடுக்கிச் சொற்கள் அமைத்தார்கள். டிசம்பரில் ஒரு வெயில் நாளில், மொட்டைமாடியில், ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சாக்பீஸைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார் அவர். வரைந்து முடித்த பையன், தனக்கு எழுத வருகிறது என்று கூவிக்கொண்டே தரையில் 'கை' என்று எழுதினான். பிறகு 'புகைபோக்கி', 'கூரை' என்று எழுதினான். மற்ற பிள்ளைகளும் சாக்பீஸ் கேட்டு மொய்த்துக்கொண்டார்கள். கை தயாரானதும் எழுத்து தானாக வந்தது.

கணக்கிலும் இதே கதைதான். ஒற்றை மணி என்றால் 1. பத்து மணி கோத்த கம்பி 10. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் 100. பத்துச் சதுரங்களை அடுக்கிய கனசதுரம் 1000. ஐந்து வயதுப் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு போய் 2,346-ஐ மணிகளாகவே கொண்டுவருகிறது: இரண்டு கனசதுரம், மூன்று சதுரம், நான்கு கம்பி, ஆறு மணி. இரண்டு பிள்ளைகள் தங்கள் தட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும்போது உதிரி மணி பத்தைத் தாண்டினால், பத்தைக் கொடுத்துவிட்டு ஒரு கம்பி வாங்கி வருகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளையே திணறவைக்கும் 'மீதி ஒன்று' அங்கே கையில் கனமாகத் தெரிகிறது. நோட்டில் 1 முதல் 100 வரை வேகமாக எழுதும் பிள்ளையிடம், 46-இல் இருக்கும் நான்கின் மதிப்பு என்ன என்று கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் புரியும்.

"கட்டுப்பாடே இல்லாமல் விட்டுவிடுகிறார்கள்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஒரு காலை நேரம் அங்கே ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு சாமானும் வகுப்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வேறொருவர் கையில் இருந்தால் காத்திருக்க வேண்டும். பாயை விரித்து வேலை செய்து, முடிந்ததும் சுருட்டி, சாமானை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். அடுத்தவர் பாயை மிதிக்கக் கூடாது. மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே அறையில் இருப்பதால், பெரிய பிள்ளை சின்னதற்கு பட்டன் போடக் காட்டிக்கொடுக்கிறது. மூத்தவர் இளையவருக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளிகளின் வழக்கம். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு தன் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்தார். அதை 1797-இல் லண்டனில் நூலாக்கினார். இங்கிலாந்து அதை 'மெட்ராஸ் முறை' என்று அழைத்தது. உலகம் நம்மிடம் கண்டு எடுத்துக்கொண்டதை நாம் விளையாட்டு என்று ஒதுக்குகிறோம்.

"சரி, ஆதாரம் இருக்கிறதா?" இருக்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், ஓர் அரசு மாண்டிசோரிப் பள்ளியில் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. இரு சாராரின் பெற்றோரும் அதே பள்ளிக்கு விண்ணப்பித்தவர்கள் என்பதால், அக்கறையுள்ள பெற்றோர் என்ற வித்தியாசத்துக்கு அங்கே இடமில்லை. ஐந்து வயதில் எழுத்தறிவிலும் கணக்கிலும் மாண்டிசோரிப் பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். அதே ஆய்வாளரான ஏஞ்சலின் லில்லார்டு 2012-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் முக்கியமானது. மாண்டிசோரிச் சாமான்களோடு ஒர்க்‌ஷீட் போன்ற வழக்கமான சரக்கையும் கலந்த வகுப்புகளைவிட, எதையும் கலக்காத வகுப்புகளின் பிள்ளைகளே கூடுதலாக வளர்ந்தார்கள்.

இந்த இடத்தில் பள்ளிகளைச் சாடாமல் இருக்க முடியாது. 'மாண்டிசோரி' என்ற பெயர் எவருக்கும் தனியுரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் ஓர் அலமாரி நிறையச் சாமானைக் காட்சிக்கு வைத்துவிட்டு, காலை முழுக்க நோட்டு எழுதவைக்கும் பள்ளிகள் பெருகிவிட்டன. பெற்றோர் கேட்கிறார்களே என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். கேட்பவருக்கு விளக்குவது பள்ளியின் கடமை. பயந்து நோட்டைத் திணிப்பது அட்மிஷனுக்காகப் பிள்ளையை விட்டுக்கொடுப்பது.

"பெரிய பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு டெஸ்ட் வைப்பார்களே" என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த டெஸ்டே சட்டவிரோதம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது என்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஏழு வயதுக்கே வேண்டாம் என்று நீதிமன்றம் சொன்ன சுமையை மூன்று வயதின் மேல் ஏற்ற நமக்கு என்ன உரிமை?

"இது பணக்காரர் பள்ளிதானே" என்பதில் ஒரு நியாயமான ஆத்திரம் இருக்கிறது. இன்றைய கட்டணம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கட்டணம் பள்ளி நடத்துபவர் வைப்பது, முறை பிறந்தது ஏழைப் பிள்ளைகளிடம். 1939-இல் அடையாறுக்கு வந்த மாண்டிசோரி, போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவில் தங்கி, சென்னையிலும் கொடைக்கானலிலும் கற்பித்தார். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் போனது. பிள்ளை தன் வேகத்தில், கையால் செய்து கற்க அரசுப் பள்ளியிலும் வழி உண்டு என்பதற்கு அது சாட்சி. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. அங்கே சீருடைக்கும் நோட்டுக்கும் முன்னால் உப்புத்தாள் எழுத்தும் மணிகளும் போய்ச் சேர வேண்டும். இரண்டும் உள்ளூர்த் தச்சராலும் உள்ளூர் ஆசிரியராலும் செய்ய முடிந்தவை.

பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு காலைப்பொழுது வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுக்கும் பள்ளி வேண்டாம். சேர்த்த பிறகு மூன்றாண்டுகள் பொறுத்திருங்கள். பாதியில் பிடுங்கி நோட்டுப் பள்ளியில் போட்டுவிட்டு, மாண்டிசோரியால் பயனில்லை என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். வீட்டில் பிள்ளை தானே சட்டை பட்டன் போடவும், பட்டாணி உரிக்கவும், தட்டைக் கழுவவும் நேரம் கொடுங்கள். மூன்று வயதில் எழுதிய பக்கங்களை எவரும் பிற்காலத்தில் கேட்கப்போவதில்லை. அந்த வயதில் படிப்பின் மேல் விழுந்த பயம் பள்ளிக்காலம் முழுக்கக் கூடவே வரும். அந்தப் பயத்தை விதைக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. நோட்டை மூடிவையுங்கள்.