ரங்கத்துக்கு அரை நொடி

மத்திய அந்தமானின் ரங்கத்தில் 2020 வரை இணையம் வானத்திலிருந்துதான் இறங்கியது. கேள்வி சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, தரைக்கு இறங்கி, பதிலும் அதே வழியில் வர வேண்டும். ஒளியின் வேகத்திலேயே இதற்குக் கிட்டத்தட்ட அரை நொடி. நெரிசல் வந்தால் பல நொடிகள். பெங்களூரில் பளிச்சென்று ஓடிய புரோக்ராம் இங்கே தடுக்கி விழுந்தால் ஆச்சரியமில்லை.

சாக்கெட் என்பது இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே போட்ட குழாய். அதிலிருந்து படிக்கத் தொடங்கிய ஸ்கிரிப்ட், ஏதாவது வரும் வரை அசையாது. பைத்தானில் கெடு வைக்காவிட்டால் கெடுவே கிடையாது. பிஎச்பி வழக்கமாக 60 விநாடி பொறுக்கும். எதிர்முனை செத்துவிட்டதா, யோசிக்கிறதா? மௌனத்தை வைத்துச் சொல்ல முடியாது. இணைப்புக்கு உயிர் இருக்கிறதா என்று விசாரிக்கும் 'கீப் அலைவ்' வசதி லினக்ஸில் உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினாலும் மாற்றி அமைக்காதவரை முதல் விசாரணை 2 மணி நேரம் கழித்துத்தான். அதற்குள் வங்கியே மூடிவிடும்.

எனவே 10 விநாடி கெடு வைக்கிறார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கெடு பெரும்பாலும் ஒவ்வொரு முறை படிப்பதற்கும் தனித்தனி. எதிர்முனை 9 விநாடிக்கு ஒரு எழுத்தாகச் சொட்டினால் கெடு தீரவே தீராது. முழு வேலைக்கும் ஒரு கெடு வைத்து, ஒவ்வொரு முறையும் மீதி நேரத்தை மட்டும் கொடுப்பதே சரி. கெடு தாண்டிய இணைப்பை மூடிவிடவும் வேண்டும். இல்லையென்றால் தாமதமாக வரும் பழைய பதிலை அடுத்த கேள்விக்கு வந்ததாக ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளும். ஒருவரின் பாக்கித் தொகை இன்னொருவர் திரையில் தெரிய இது போதும்.

ஆகஸ்ட் 10, 2020 அன்று பிரதமர் மோடி சென்னை-அந்தமான் கடலடி கேபிளைத் திறந்துவைத்தார். சுமார் 2,300 கிலோமீட்டர், ரூ. 1,224 கோடி. அது கரையேறும் இடங்களில் ரங்கத்தும் ஒன்று. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும்; கணக்குப்படி சென்னைக்குப் போய்வர பழைய அரை நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

தாமதம் குறைந்தது. சந்தேகம் குறையவில்லை. கெடு முடிந்தது என்றால் பதில் வரவில்லை என்று மட்டுமே பொருள்; வேலை நடக்கவில்லை என்றல்ல. பணம் அனுப்பச் சொன்ன கட்டளை போய்ச் சேர்ந்து, ரசீது மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஸ்கிரிப்ட் அவசரப்பட்டு மறுபடி அனுப்பினால் பணம் இருமுறை போகும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு எண் கொடுத்து, மறுமுறை அனுப்பும்போதும் அதே எண்ணையே அனுப்பினால், எதிர்முனை 'இது முடிந்த வேலை' என்று அடையாளம் கண்டுகொள்ளும்.

ஏடிஎம்மில் கணக்கிலிருந்து கழிந்தும் நோட்டு வராத கதை நாடெங்கும் பிரசித்தம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்கும் ஒரு கெடு வைத்தது: 5 நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும், தவறினால் வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு ரூ. 100.