பாலைநிலத்தில் பதிந்த சில்லுத் தடம்

பாலை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் படித்தவர் உள்ளத்தில் முதலில் எழுவது பிரிவுத் துயர். அதன்பின் நினைவுக்கு வருவன படங்களிற் கண்ட மணல்மேடுகளும் ஒட்டகங்களும். நமது தீவிற் பாலைவனம் இல்லாமையால் இவ்விரண்டையும் கொண்டே அந்த நிலத்தை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். ஐக்கிய அமெரிக்காவில், கலிபோர்ணியா மாநிலத்தின் தென்கிழக்கே விரிந்து கிடக்கும் மொஹாவிப் பாலை இந்தக் கற்பனைக்கு அடங்காது. மணற்குன்றுகள் அங்கு சிறு பகுதியே. எஞ்சியதெல்லாம் கரடான மலைத் தொடர்கள், அவற்றின் அடிவாரத்திற் சரிந்து கிடக்கும் சரளைச் சமவெளிகள், வறண்ட ஏரிப் படுகைகள், இடையிடையே முழங்கால் முதல் ஆள் உயரம் வரை வளரும் புதர்கள். பார்ஸ்டோ என்னும் ஊரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 5 அங்குலமே.

இந்நிலத்துக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். வெயில் தணியும் ஐப்பசி மாதந் தொடக்கம் வேனில் வரை, வாரக் கடைசிகளிற் குடும்பங் குடும்பமாக ஜனங்கள் வந்து கூடாரமிடுகின்றனர். வண்டிக்குப் பின்னாற் கட்டியிழுத்து வந்த மேடையிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் இறங்கும். தகப்பனுக்கு ஒன்று, மூத்தவனுக்கு ஒன்று, ஏழு வயதுப் பெண்பிள்ளைக்குப் பொம்மை போன்ற சிறியது ஒன்று. பகல் முழுவதும் மலைச் சரிவுகளில் ஓட்டிவிட்டு, இரவில் தீ மூட்டிச் சுற்றியிருந்து பேசுவார்கள். இதனைச் செல்வர் வீட்டு வீண் பொழுதுபோக்கென்று ஒதுக்குவது முறையன்று. தொழிற்சாலைகளில் வேலை செய்வோரும், பழைய வண்டியை வீட்டுக் கொட்டிலிற் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்ட இளைஞருமே இவர்களிற் பலர். ஓட்டும் திறமையும் யந்திர அறிவும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் ஒரு குலவித்தையாகவே இதனை அவர்கள் கருதுகின்றனர்.

இந்த விளையாட்டின் புகழ்பெற்ற பந்தயம் ஒன்று பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகாஸ் நகர்ப் பக்கமாக ஓடியது. 1967ஆம் ஆண்டில் ஆரம்பமானது. கார்த்திகை மாதக் கடைசியில் அமெரிக்கர் கொண்டாடும் நன்றிகூறும் திருநாளை ஒட்டி இது நடைபெறும். ‘முயலும் வேட்டைநாய்களும்’ என்று இவ்வகைப் பந்தயத்துக்குப் பெயர். முன்னே சென்றவர் அடையாளங்களை இட்டுச் செல்ல, பின்னே வருவோர் அவற்றை மோப்பம் பிடித்துத் தொடருவதுபோல ஓட்டவேண்டும். புறப்படும் காட்சியே பார்க்கத் தக்கது. சில மைல்களுக்கு அப்பால் பழைய ரயர்களைக் கொளுத்திக் கரும்புகை எழுப்புவார்கள். ஓட்டிகள் ஒரே வரிசையில், சமவெளியின் அகலத்துக்கு நிற்பார்கள். சைகை கிடைத்ததும் எல்லோரும் அப்புகையை நோக்கிப் பாய்வார்கள். பாதை என்று ஒன்று அந்த முதற் சில மைல்களில் இல்லை. கண்முன் விரிந்த நிலம் அனைத்தும் பாதையே. 1974ஆம் ஆண்டுப் பந்தயத்தில் இவ்வாறு பாய்ந்த மோட்டார் சைக்கிள்கள் ஏறத்தாழ 3,000.

மூவாயிரம் வண்டிகளுக்கு ஆறாயிரம் சில்லுகள். வெறும் நிலத்திற்கு இதனால் என்ன கேடு என்று கேட்கத் தோன்றும். பந்தயக்காரரும் அதைத்தான் கேட்டனர். இவ்வினாவுக்குரிய விடை அந்நிலத்தின் தோலில் இருக்கிறது.

மொஹாவியின் சமவெளிகள் பலவற்றிற் சிறு கற்கள் நெருங்கிப் பதிந்து, கல் பாவிய முற்றம்போலக் காட்சியளிக்கின்றன. இரும்பும் மங்கனீசும் கலந்த மெல்லிய பூச்சுப் படிந்து அக்கற்கள் கருமை அடைந்திருக்கின்றன. அப்பூச்சுப் படிவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லும். அதன் கீழே இருப்பது மாவுபோன்ற வெளிறிய மண். கற்கள் இல்லாத இடங்களிலோ கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும், பாசியும், கற்பாசியும் சேர்ந்து மண்துகள்களைப் பிணைத்து ஒரு மெல்லிய ஏட்டை உண்டாக்கியிருக்கின்றன. பாலின்மேற் படியும் ஆடையைப் போன்றது அது. காற்றும் வெள்ளமும் மண்ணை வாரிச் செல்லாமற் காப்பது இந்த ஆடையே. ஒருமுறை சில்லு ஏறினால் ஆடை கிழிகிறது, அடிமண் இறுகுகிறது. இறுகிய மண்ணுக்குள் மழைநீர் இறங்காது. விதை முளைத்தாலும் வேர் இறங்காது. கிழிந்த இடத்திலிருந்து காற்று மண்ணை அள்ளுகிறது. 1973 ஜனவரி 1ஆந் திகதி விண்வெளியிலிருந்து எடுக்கப்பட்ட படமொன்றில் மொஹாவியிலிருந்து எழுந்த தூசிப் படலங்கள் நீண்ட வால்களாகத் தெரிந்தன. புவியியலறிஞர் அவற்றின் பிறப்பிடங்களைத் தேடிச் சென்றபோது, மனிதர் நிலத்தின் மேற்பரப்பைக் குலைத்திருந்த இடங்களைக் கண்டனர்.

தடம் அழிய எத்தனை காலம் செல்லும்? இதற்கு ஒரு கணக்கு தற்செயலாகவே கிடைத்தது. 1942ஆம் ஆண்டில், ஆபிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மானியரோடு போரிடுவதற்கு ஆயத்தமாக, ஜெனரல் பற்றன் இப்பகுதியில் ஒரு பயிற்சிக் களத்தை அமைத்தார். ஏறக்குறைய 18,000 சதுர மைல் பரப்புடையது. நமது தீவின் முக்காற் பங்கை நெருங்குவது. போர் முடிந்தது, படைகள் போயின. அன்று ஓடிய யுத்தத் தாங்கிகளின் சுவடுகளோ எண்பது ஆண்டுகள் கடந்தும் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன. கூடாரங்களுக்கு நடுவே போர்வீரர் கல் அடுக்கி எல்லையிட்ட நடைபாதைகளையும் காணலாம்.

இதைவிட வியப்பான சான்று பிளைத் என்னும் ஊருக்கு வடக்கே, கொலராடோ ஆற்றை அண்டிய மேட்டுநிலத்தில் உண்டு. அங்கு வாழ்ந்த முதுகுடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் கருங்கற்களை விலக்கி, அடியிலுள்ள வெளிறிய மண் தெரியும்படி, மாபெரும் மனித உருவங்களையும் விலங்குருவங்களையும் தரையில் வரைந்திருக்கின்றனர். மிகப் பெரிய உருவம் 170 அடிக்கு மேல் நீளமானது. தரையில் நிற்பவருக்கு அதன் வடிவம் எளிதிற் புலப்படாது. 1932ஆம் ஆண்டில் ஆகாயவிமானி ஒருவர் மேலிருந்து கண்ட பின்னரே வெளியுலகம் அறிந்தது. பின்னாளில் அவ்வுருவங்களிற் சிலவற்றின் மேலேயே வண்டித் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்தன. சுற்றி வேலி அடைக்க வேண்டியதாயிற்று. ஓவியனின் கோட்டைக் காத்து வைத்த அதே நிலம் ஓட்டியின் கோட்டையும் காத்து வைத்துவிட்டது. அதற்கு இரண்டும் ஒன்றே.

அரசாங்கமும் விழித்துக்கொண்டது. 1972ஆம் ஆண்டில் ஜனாதிபதி நிக்ஸன் ஓர் ஆணை பிறப்பித்தார். பொதுநிலங்களில் எவ்விடத்தில் இவ்வண்டிகள் ஓடலாம், எவ்விடத்தில் ஓடலாகாது என்று வரையறுக்க வேண்டுமென்பது அதன் சாரம். 1974ஆம் ஆண்டுப் பந்தயத்தின் விளைவுகளைப் பொதுநில நிருவாகத்தினர் ஆராய்ந்தார்கள். மறுவருடம் அனுமதி மறுக்கப்பட்டது. மறுத்தும் அடங்காத ஓட்டிகள் சிலர், தடையை மீறித் தாமாகவே ஆண்டுதோறும் ஓடினர். 1983இல் தொகையைக் கட்டுப்படுத்தி மீண்டும் அனுமதித்தனர். 1989ஆம் ஆண்டோடு பந்தயம் நின்றது.

அதனை நிறுத்தியது ஓர் ஆமை. மொஹாவியின் பாலைவன ஆமை வாழ்நாளிற் பெரும்பகுதியைத் தான் தோண்டிய வளைக்குள்ளேயே கழிக்கும். ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. முட்டையிடும் பருவத்தை அடையப் பதினைந்து ஆண்டு வரை செல்லும். கிடைத்த மழைநீரைச் சிறுநீர்ப்பையிற் சேமித்து வைத்துக் கோடையைக் கடத்தும். மிரண்டுவிட்டாற் சேமித்ததெல்லாவற்றையும் வெளியேற்றிவிடும். அடுத்த மழை வருமுன் தாகத்தால் மடியவும் கூடும். ஆதலால் எவராவது அன்பு மிகுதியாற் கையிலெடுத்துப் பார்ப்பதும் அதற்கு ஆபத்தே. 1990ஆம் ஆண்டில் இவ்வாமை அழிவை எதிர்நோக்கும் இனமெனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. பழி முழுவதையும் ஓட்டிகள்மேற் போடுவது நியாயமாகாது. நோய், பெருந்தெருக்கள், ஊர்க் குப்பையைத் தின்று பெருகி ஆமைக் குஞ்சுகளைக் கொத்தும் அண்டங்காகங்கள் ஆகியனவும் காரணங்களே. ஆயினும் வளையின்மேற் சில்லு ஏறினால் உள்ளே இருப்பது பிழைப்பதரிது.

இன்றைக்கு இவ்விளையாட்டின் தலைவாசல் ஜோன்சன் பள்ளத்தாக்கு. பாறை பிளந்த குறுகிய கணவாய்கள் அங்கு பல. சம்மட்டி வகைகளின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருக்கின்றனர். 2007ஆம் ஆண்டில் நண்பர் சிலர் தமக்குள் நடத்திய போட்டி, ‘ஹாமர்களின் அரசன்’ என்ற பெயரோடு இன்று பெரும் விழாவாகிவிட்டது. சமவெளியில் மணிக்கு நூறு மைல் வேகத்தையும் எட்டும் வண்டி, கணவாய்க்குள் நுழைந்ததும் ஆமையினும் மெல்ல ஊரவேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டி! ரயரிற் காற்றைக் குறைத்து விடுவதால் அது பாறையின் உருவத்துக்கேற்ப அமுங்கிப் பற்றிக்கொள்ளும். மிகத் தாழ்ந்த கியரிற் சில்லுகள் மெதுவாகவும் பலமாகவும் உருளும். சாதாரண வண்டியில் ஒரு சில்லு அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் யந்திரத்தின் பலம் அதற்கே சென்று வீணாகச் சுழலும். இவ்வண்டிகளில் இரு பக்கச் சில்லுகளையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால், தரையைத் தொடும் சில்லு இழுத்துச் செல்லும். அதுவும் முடியாதபோது துணையோட்டி குதித்திறங்கி, கம்பிவடத்தைத் தூரத்துப் பாறையிற் கட்டி வண்டியை இழுப்பிப்பார். மாணவர்கள் வகுப்பிற் படிக்கும் உராய்வும் நெம்பும் இங்கே வியர்வையோடு நடக்கின்றன. புறப்பட்டவரிற் பலர் முடிவிடம் வந்து சேர்வதில்லை.

இதே பள்ளத்தாக்கில் 2010 ஆகஸ்ட் 14ஆந் திகதி, வேறொரு பந்தயத்தின்போது, இருள் கவியும் வேளையில் ஒரு வண்டி மேட்டிலிருந்து பாய்ந்து கவிழ்ந்து, ஓரத்தில் நின்ற கூட்டத்தின்மேல் விழுந்தது. பார்க்க வந்தவர் 8 பேர் மாண்டனர். வண்டிகள் கைக்கெட்டும் தூரத்திற் பறந்து போவதைக் காண்பதே அங்கு வந்தோர் விரும்பிய இன்பம். அவர்களுக்கும் பாதைக்கும் இடையே தடுப்பு எதுவும் இருக்கவில்லை. அதன்பின்னரே பார்வையாளர் நிற்கவேண்டிய தூரமும் அனுமதி விதிகளும் கண்டிப்பாயின.

ஓட்டிகளுக்கும் இழப்பு நேர்ந்தது. பக்கத்து மரீன் படைத்தளம் தன் பயிற்சிக் களத்தை விரிக்க விரும்பிற்று. 2013ஆம் ஆண்டு இறுதியில் நிறைவேறிய சட்டம் பள்ளத்தாக்கைப் பங்கிட்டது. ஒரு பகுதி படைக்கு, ஒரு பகுதி இருவருக்கும் பொது, எஞ்சியது விளையாட்டுக்கு. ஆமைக்காகத் தம்மை விலக்கியவர்கள் பீரங்கிக்கு இடம் கொடுத்தார்களே என்று ஓட்டிகள் மனம் வெதும்பியதில் வியப்பில்லை. 2017இல் ஏறக்குறைய ஆயிரம் ஆமைகள் ஹெலிகொப்டரில் ஏற்றப்பட்டு வேறிடம் சேர்க்கப்பட்டன. அவற்றின் கருத்தை எவரும் கேட்டிருக்க முடியாது.

இப்பள்ளத்தாக்கின் அருகே வேலிக்குள் ஒரு புதர் வட்டம் நிற்கிறது. கிரியோசோட் என்னும், பாலை முழுவதும் காணப்படும் மிகச் சாதாரணமான செடிதான் அது. நடுத்தண்டு மடிய மடியப் புறக்கிளைகள் வெளிநோக்கிப் பரவி வளையமாகியிருக்கின்றன. எல்லாம் ஒரே விதையின் வழி வந்த ஒரே உயிர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துத் தாவரவியற் பேராசிரியர் பிராங்க் வேசெக் இதன் வயதை ஏறக்குறைய 11,700 ஆண்டுகள் எனக் கணித்து 1980இல் வெளியிட்டார். எகிப்தின் கூர்ங்கோபுரங்கள் எழும்போது அது கிழச்செடி. வேலி இல்லாதிருந்தால், அதன் குறுக்கே ஓட்டிச் செல்லும் இளைஞன் நாலு பற்றைகளைக் கடந்ததாகவே எண்ணியிருப்பான். அவனைக் குறைகூறவும் இயலாது.

தைமாதக் கடைசியிலும் மாசியிலுமாக, பள்ளத்தாக்கின் வறண்ட ஏரிப் படுகையிற் பந்தயத்துக்காக ஒரு தற்காலிக நகரம் எழும்புகிறது. ஆயிரக்கணக்கான வண்டிகள், கூடாரங்கள், சமையற்கடைகள், இரவைப் பகலாக்கும் விளக்குகள். பந்தயம் முடிந்ததும் எல்லாம் கலைந்துவிடும். அப்படுகை களிமண்ணாலானது, மழைவெள்ளம் தேங்கி வற்றும்போது சேறு படிந்து, சில்லுகள் கீறிய மேற்பரப்பு ஓரளவு சமமாகும். சுற்றியுள்ள சரிவுகளில் நீர் தேங்குவதில்லை.