இரைச்சலை மூடி மறைக்காதீர்கள்

மாணவர்களே, நான் சொந்தமாகச் செய்த முதல் கித்தார் பெடல் இரண்டு ஆண்டுகள் மேசை அறைக்குள் கிடந்தது. காரணம் இரைச்சல். கம்பியைத் தொடுமுன்பே ஒலிபெருக்கியில் 'உம்ம்' என்றும் 'உஸ்ஸ்' என்றும் ஓசை வந்தது. "நாய்ஸ் கேட் ஒன்று வாங்கிச் சேர்த்துவிடு" என்றனர் நண்பர்கள். அந்த யோசனை தவறு என்பதே என் கருத்து.

நாய்ஸ் கேட் ஒரு கதவு போன்றது. நாம் வாசிக்காதபோது மூடிக்கொள்ளும். வாசிக்கத் தொடங்கியதும் திறக்கும்; இசையோடு இரைச்சலும் சேர்ந்தே வெளிவரும். பணம் செலவாகும், காரணம் மட்டும் தெரியாமலே போகும்.

பெடல் 1,000 மடங்கு பெருக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எது இசை, எது இரைச்சல் என்று அதற்குத் தெரியாது. முதல் கட்டத்தில் நுழைந்த எல்லாவற்றையும் 1,000 மடங்காக்கும். ஆகவே இரைச்சலைத் தடுக்க வேண்டிய இடம் வாசல்தான்.

முதலில் 'உம்ம்' ஓசையைத் தேடுவோம். கித்தாரின் ஒலியளவைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஓசை நின்றால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையைக் கித்தாரின் பிக்கப் சுருள் பிடிக்கிறது. கணினி, அடாப்டர் போன்றவற்றிலிருந்து விலகி நில்லுங்கள். நிற்காவிட்டால், பெடலின் அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் மின்கலத்தைப் பொருத்துங்கள். இப்போது நின்றால் குற்றவாளி அடாப்டர். இன்னும் நிற்கவில்லையா? பெடலை உலோகப் பெட்டியில் அடைத்து, பெட்டியைச் சுற்றின் புவிமுனையோடு இணையுங்கள். உள்ளீட்டுக் கம்பியைக் குட்டையாக்கி, வெளியீட்டுக் கம்பியிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஓசையை நிறுத்துவதற்காக ஒலிபெருக்கியின் மூன்றுமுனைச் செருகியில் புவிக்கம்பியைத் துண்டிக்காதீர்கள். அது உயிர்காக்கும் கம்பி.

'உஸ்ஸ்' ஓசை பெடலுக்குள்ளேயே பிறக்கிறது. மின்தடையில் உள்ள எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைகின்றன. இந்த இரைச்சலை ஜான்சன் அளந்தார், நைக்விஸ்ட் விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. முதல் டிரான்சிஸ்டருக்கு முன்னால் தொடராக 10 லட்சம் ஓம் தடை இருந்தால், 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி எல்லையில் சுமார் 18 மைக்ரோவோல்ட் இரைச்சல் எழும். அதை 10,000 ஓமாக மாற்றினால் 1.8 மைக்ரோவோல்ட்தான். தடை நூறில் ஒரு பங்கானால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிறது. ஆனால் உள்ளீட்டிலிருந்து புவிமுனைக்குச் செல்லும் பெரிய தடையைக் குறைக்காதீர்கள். குறைத்தால் கித்தாரின் ஒலி மங்கிவிடும்.

என் பெடலில் குற்றவாளி அந்தத் தொடர்தடைதான். சில காசு விலையுள்ள ஒரு மின்தடையை மாற்றியதும் 'உஸ்ஸ்' பெரிதும் அடங்கியது. முழுவதும் மறையவில்லை, வெப்பம் உள்ளவரை மறையவும் மறையாது. மிஞ்சியது தொல்லை தந்தால் அப்போது நாய்ஸ் கேட் வாங்கலாம். அதற்குமுன், மேசை அறைக்குள் கிடக்கும் உங்கள் பெடலை எடுத்து ஒருமுறை திறந்து பாருங்கள்.