டிகிரி படித்த பிள்ளை திராட்சை பறித்தால் என்ன குறைந்துவிடும்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண். ஊர் கம்பம் பக்கம். வயது 26. எம்.எஸ்ஸி. முடித்து மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். ஆஸ்திரேலியாவின் 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசாவுக்குப் பதிவு செய்திருந்தாள். குலுக்கலில் பெயர் விழுந்துவிட்டது. அழைப்பு வந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். அதில் பாதி நாள் வீட்டுச் சண்டையிலேயே கழிந்துவிட்டது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் போடவில்லை.

அவர்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் வந்த பதில்களை அனுப்பியிருந்தாள். மூன்று கேள்விகளைத்தான் ஆளாளுக்குத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். "எம்.எஸ்ஸி. படிச்சிட்டு பழம் பறிக்கவா?" "ஒரு வருசத்துல திரும்பி வர்றதுக்கு எதுக்குப் போகணும்?" "பொம்பளப் புள்ளைய தனியா எப்படி அனுப்புறது?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. உங்கள் வீட்டுக்குள்ளும் இதே கேள்விகள் நாளைக்கு வரும்.

முதலில் விசா என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியா 1975இலேயே இளைஞர்களுக்கு இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கிவிட்டது. ஒரு வருடம் வந்து ஊரைச் சுற்றிப் பார், செலவுக்கு வேலையும் செய்துகொள் என்பதுதான் ஏற்பாடு. ஐரோப்பியப் பிள்ளைகள் ஐம்பது வருடமாக இப்படிப் போய் வருகிறார்கள். நமக்குக் கதவு திறந்தது 2024 அக்டோபரில்தான், வர்த்தக ஒப்பந்தத்தின் புண்ணியத்தில். வருடத்துக்கு 1,000 இடம். முதல் முறை பதிவு திறந்த இரண்டே வாரத்தில் 40,000 பேர் பதிவு செய்துவிட்டதாக அந்நாட்டு அமைச்சரே சொன்னார். வயது 18 முதல் 30 வரை. பிளஸ் டூவுக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடப் படிப்பு, ஓரளவு ஆங்கிலம், கையில் 5,000 டாலர், அதாவது ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய் இருப்பு. குலுக்கலுக்குப் பதிவுக் கட்டணம் 25 டாலர். பெயர் விழுந்தால் விசாக் கட்டணம் 650 டாலருக்கு மேல். விமான டிக்கெட் தனி.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன்.

படித்துவிட்டுப் பழம் பறிக்கவா என்று கேட்டவர்களில் எத்தனை பேரின் அம்மா, அப்பத்தா ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போனவர்கள்? விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு கம்பமெட்டு ஏறி இடுக்கிக்குப் போய், அட்டைக்கடி பட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பினார்களே, அந்தக் கூலியில்தானே நீங்கள் படித்தீர்கள்? உங்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் விட்டதும் திராட்சைத் தோட்டத்தில் பந்தலுக்குக் கீழே கழுத்து வலிக்க நின்றவர்கள். எனக்குத் தெரியாதா? நான்தானே வருகைப் பதிவேடு வைத்திருந்தேன். அறுவடை நாளில் யார் யார் வரமாட்டீர்கள் என்று எனக்கு முன்னாடியே தெரியும். அந்த வேலை அன்றைக்குக் கேவலமாக இல்லை. டிகிரி வந்ததும் கேவலமாகிவிட்டதா?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மாஸ்டர்ஸ் படிக்கிறேன் என்று ஆஸ்திரேலியா போகிற பிள்ளைக்கு வீட்டை அடமானம் வைத்து லோன் வாங்கித் தருகிறீர்கள். மாணவர் விசாக் கட்டணம் மட்டும் 2025 ஜூலையிலிருந்து 2,000 டாலர். ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவு, வாடகைக்கென்று 29,710 டாலர் கணக்குக் காட்ட வேண்டும். கல்லூரிக் கட்டணம் தனி. அங்கே போய் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்புக்குள் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறது, பெட்ரோல் பங்கில் நிற்கிறது, வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை. அவர்கள் உழைப்பவர்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் போட்டோவைப் போட்டு 'எங்க பையன் மெல்போர்னில்' என்று பெருமைப்படுகிறோம். அதே வேலையைக் கடன் இல்லாமல், வேலை செய்யலாம் என்று எழுதியே இருக்கிற விசாவில் போய்ச் செய்தால் மானம் போய்விடுகிறது. இதில் எந்த நியாயம் இருக்கிறது?

இந்த விசாவில் போனால் தோட்ட வேலைதான் என்பதும் தவறு. முதல் வருடம் எந்த வேலையும் செய்யலாம். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதம் வரைதான் இருக்க முடியும், அவ்வளவுதான். இரண்டாவது வருடமும் இருக்க ஆசைப்பட்டால்தான், அரசு குறித்துக் கொடுத்த பகுதிகளில் பண்ணை, கட்டுமானம், சுற்றுலா போன்ற வேலைகளில் மூன்று மாதம் செய்திருக்க வேண்டும். அப்படி நம் பெண் மில்டுராவுக்குப் போய்த் திராட்சை பறித்தால்தான் என்ன? மர்ரே ஆற்றங்கரையில் இருக்கிற அந்த ஊரை வரைபடத்தில் பாருங்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நம் பள்ளத்தாக்கில் திராட்சை விளைகிற மாதிரி, அங்கே மர்ரே தண்ணீரில் விளைகிறது. பறிக்கிற கைக்கு 2025 ஜூலைக் கணக்குப்படி நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். நிரந்தரமில்லாத வேலைக்கு அதற்குமேல் 25 சதவீதம் கூடுதல். கூலி என்ற சொல்லே நம் ஊரில் வசைச்சொல் ஆகிவிட்டது. அங்கே அது சட்டம்.

இரண்டாவது கேள்வி. ஒரு வருடத்தில் திரும்பி வர எதற்குப் போக வேண்டும்?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப வருத்தம். நம் பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலிருந்து ஒரு நாள்கூடத் தங்களுக்காக வாழ்ந்ததில்லை. பத்தாம் வகுப்பு மார்க், பிளஸ் டூ மார்க், நீட், கேம்பஸ் இன்டர்வியூ, கல்யாணம், குழந்தை, ஹவுசிங் லோன். நடுவில் ஒரு வருடம் தன் சம்பாத்தியத்தில் தானே ஊர் பார்த்து, தானே சமைத்து, தானே முடிவெடுத்து வாழ்ந்தால் அது வீண் என்கிறோம். இருபது வருடம் உலக வரைபடத்தை மனப்பாடம் செய்யச் சொன்னோம். அந்த வரைபடத்தில் ஒரு இடத்தில் காலை வைக்கிறேன் என்றால் ஏன் என்கிறோம்.

இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிற இன்னொரு கேள்வி, "பி.ஆர். கிடைக்குமா?" கிடைக்காது. இந்த விசா நேராக நிரந்தரக் குடியுரிமைக்குக் கொண்டுபோய் விடாது. கணவன், மனைவி, குழந்தையை இதில் சேர்த்து அழைத்துப்போகவும் முடியாது. யாராவது ஏஜென்ட் "இதில் போயிடுங்க, அப்புறம் அங்க செட்டில் பண்ணிடலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "குலுக்கலில் உங்க பேர வர வைக்கிறேன்" என்று காசு கேட்டால் போலீசுக்குப் போங்கள். குலுக்கலை நடத்துவது கணினி. பாஸ்போர்ட்டும் பான் கார்டும் 25 டாலரும் இருந்தால் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். வேலையை இளப்பமாகப் பேசுகிற சொந்தக்காரரும், குடியேற வழி என்று விற்கிற ஏஜென்ட்டும் எதிரெதிர் ஆட்கள் மாதிரித் தெரியும். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. ஒரு வருடத்தை ஒரு வருடமாக அவர்களால் பார்க்க முடியவில்லை.

"ரெஸ்யூமேயில் இடைவெளி விழுமே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தான். விழும்தான். அந்த இடத்தில், தெரியாத ஊரில் தெரியாத மனிதர்களோடு வேலை செய்து, வரி கட்டி, கடன் இல்லாமல் திரும்பி வந்தேன் என்று எழுதச் சொல். அதைப் படித்துவிட்டு முகம் சுளிக்கிற கம்பெனியில் வேலை பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

மூன்றாவது கேள்வி. பெண் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது?

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பண்ணை வேலைக்குப் போன பிள்ளைகளை ஏமாற்றிய கதைகள் அங்கே ஏராளம். தங்கும் விடுதிக்காரரே வேலைக்கு ஆள்பிடித்துக் கொடுத்து, வாடகையாகக் கூலியைப் பிடுங்கிக்கொள்வது உண்டு. கூடைக்கு இவ்வளவு என்று பேசி, நாள் முழுதும் பறித்தாலும் சாப்பாட்டுக்குக்கூடக் காணாமல் செய்தது உண்டு. இரண்டாவது விசாவுக்கு நாள் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் பெண்கள் தொல்லையைப் பொறுத்துக்கொண்டதும் உண்டு. போராடித்தான் மாறியது. கூடைக் கணக்கில் பறித்தாலும் மணிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கூலி கொடுத்தே தீர வேண்டும் என்று அங்குள்ள ஃபேர் வொர்க் கமிஷன் 2021இல் முடிவு செய்து, 2022 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். வளைகுடாவுக்குப் போன நம் ஆட்கள் பலருக்கு விசாவே முதலாளி கையில் இருந்தது. அவன் விட்டால்தான் வேறு வேலை, அவன் விட்டால்தான் ஊர். இந்த விசா எந்த முதலாளியோடும் கட்டிப்போடாதது. பிடிக்கவில்லையா, பையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறலாம். ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு எது? ஆகவே பூட்டி வைக்காதீர்கள், சொல்லிக் கொடுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே. சம்பளச் சீட்டு இல்லாத வேலையில் நிற்காதே. ரொக்கமாகக் கூலி என்றால் கும்பிடு போட்டுவிட்டு வா. வேலை நேரத்தை நோட்டில் எழுதி வை. திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தொடாதே. பிரச்சினை என்றால் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் வைத்தே பேசலாம்.

தனியாக அனுப்ப மாட்டோம் என்கிறவர்களே, முன்பின் தெரியாத மாப்பிள்ளையோடு அதே ஆஸ்திரேலியாவுக்கு மூன்று வாரத்தில் அனுப்பி வைக்கிறீர்களே, அப்போது மட்டும் பயம் எங்கே போகிறது?

கோபப்பட வேண்டும் என்றால், கோபப்பட வேண்டிய இடம் வேறு. பிரிட்டன் பாஸ்போர்ட் இருந்தால் 35 வயது வரை போகலாம். குலுக்கல் கிடையாது, படிப்புச் சான்று கிடையாது. 2024 ஜூலையிலிருந்து பண்ணையில் கால் வைக்காமலே மூன்று தடவை இந்த மாதிரி விசா வாங்கலாம். நம் பிள்ளைக்குக் குலுக்கல், 30 வயது, படிப்பு, பண்ணை எல்லாம் உண்டு. சம்பாதிக்கிற முதல் டாலரிலிருந்தே 15 சதவீத வரி. அதை எதிர்த்து வழக்குப் போட்டு 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தவர் பிரிட்டன் பெண். தன் நாட்டு வரி ஒப்பந்தம் அவருக்குக் கைகொடுத்தது. நம் பி.எஃப். மாதிரி அங்கே முதலாளி கட்டுகிற பணத்தை ஊர் திரும்பும்போது எடுத்தால் 65 சதவீதம் வரியாகப் போகிறது. 140 கோடிப் பேர் இருக்கிற நாட்டுக்கு 1,000 இடம். சீனாவுக்கு 5,000. இங்கிலாந்து 2023 முதல் இரண்டு வருட விசா தருகிறது, அதிலும் நமக்கு 3,000 இடம்தான், டிகிரி கட்டாயம். நம் பிள்ளைகளை நாமே மட்டம் தட்டிக்கொண்டிருந்தால் இதைப் பற்றி நம் எம்.பி.க்களிடம் யார் கேட்பார்கள்?

கடைசியாக அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு. நீயும் என்னிடம் படித்தவன்தான். பத்தாம் வகுப்பில் ஆஸ்திரேலியா வரைபடத்தில் ஆறு, நகரம் எல்லாம் சரியாகக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவன் நீ. உனக்கு அந்த ஊரைப் பார்க்க வாய்ப்பு வரவில்லை. அது உன் தப்பு இல்லை. உன் மகளுக்கு 40 பேரில் ஒருத்திக்குக்கூடக் கிடைக்காத இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லாதே, குலுக்கல் உன் வீட்டு ஆள் இல்லை. உன்னிடம் அவள் பணம் கேட்கவில்லை, அவளே சேர்த்து வைத்திருக்கிறாள். அவள் கேட்பது ஒரு சம்மதம். இன்னும் 13 நாள் இருக்கிறது. இன்று ராத்திரி சாப்பிடும்போது பேசு.

மற்றவர்கள் கமெண்டில் திட்டலாம். பதில் சொல்கிறேன். எழுத்துப்பிழை இல்லாமல் திட்டுங்கள்.