சிவப்புக் கலிப்பரும் நுவரெலியா இறக்கமும்

அச்சுவேலிச் சந்தியில் இருந்து எத்திசையில் வாகனத்தைச் செலுத்தினாலும் இறக்கம் என்று சொல்லத்தக்க ஓரிடமும் எதிர்ப்படாது. அப்படிப்பட்ட ஊரிலும் துளையிட்ட டிஸ்க்கும் சிவப்பு வர்ணம் பூசிய கலிப்பரும் கார்களில் ஏறிவிட்டன. அழகுக்காக என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. பாதுகாப்புக்காக என்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன்.

பிறேக்கின் வேலை ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. 2500 கிலோ எடையுள்ள வான் ஒன்று 100 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து முற்றாக நிற்கையில் எழும் வெப்பத்தைப் போல ஏறத்தாழ 25 மடங்கு, அதே வான் 1000 மீற்றர் உயரம் கீழிறங்கும்போது உண்டாகிறது. 80 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். நுவரெலியாவோ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றும் ரயரும் எடுத்துக்கொள்வது போக மீதியை இயந்திரம் தாங்க வேண்டும்; அல்லது பிறேக் தாங்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

உட்புறம் காற்றோடும் பெரிய டிஸ்க் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும் என்பது உண்மையே. துளையிடுவதோ இரும்பைக் குறைக்கிறது. வெடிப்பும் அத்துளைகளில்தான் தொடங்கும். சிவப்பு வர்ணம் எதையும் தாங்காது.

எவரும் கேளாத பொருள் பிறேக் ஒயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரமேறிய பின்னர் அந்த எல்லை 140 ஆகிறது. கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், மிதி தரையைத் தொடும். கடல் சூழ்ந்த குடாநாட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையேனும் ஒயிலை மாற்றாத வான்கள்தாம் கதிர்காமத்துக்கும் எல்லவுக்கும் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்கின்றன. போதாக்குறைக்கு, எரிபொருள் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் சாரதிகள்! (மிச்சமும் இல்லை. இன்றைய இயந்திரங்கள் கியரில் இறங்கும்போது பெரும்பாலும் எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன.)

2023 ஜனவரி 20 இல் நானுஓயா, ரதல்லவில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் மோதி 7 பேர் மாண்டனர். 2025 செப்டெம்பர் 4 இல் எல்ல - வெல்லவாய வீதியில் 15 பேர். இரண்டிலும் முதலில் அடிபட்ட சொல் "பிறேக்". நம் பத்திரிகைகள் "பிறேக் செயலிழந்து விபத்து" என்று எழுதி விதியின் கணக்கில் சேர்த்துவிடுகின்றன. எந்தக் கியரில் இறங்கியது, ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டு எழுதும் நிருபர் யார்?

சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையும் இங்கே சமதரையில்தான் நடக்கிறது. அதில் தேறியவர் பின்னர் கடுகண்ணாவ இறக்கத்தில் பல உயிர்களோடு இறங்க நேரலாம். மலைவீதிப் பயிற்சி பெறாதவருக்கு வாடகை வான் ஓட்ட அனுமதி வழங்கக்கூடாது என்பதே என் கோரிக்கை. அது வரும்வரை, வான் பிடிக்கும் யாத்திரைக் குழுவினர் வாடகை பேசுமுன் பிறேக் ஒயில் மாற்றிய திகதியைக் கேட்கட்டும்.