திராட்சை ஜூஸ் செட்டுக்கு இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி: ஹீட்டரும் பம்ப்பும்

வீட்டுல சின்னதா ஸ்குவாஷ், ஜூஸ் போட்டு விக்கறதைப் பத்தி வீடியோ போட்டதிலிருந்து வருசநாடு, கடமலைக்குண்டு, கம்பம் பக்கம் இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது: "ஆட்டோமேட்டிக் செட் வாங்கலாமா?" ஹீட்டர், பம்ப், கன்ட்ரோல் பாக்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே ஸ்டாண்டுல வரும் செட். வெளிநாட்டுல வீட்டுல பீர் காய்ச்சறவங்களுக்காக வந்த பொருள் அது, இங்க ஜூஸுக்குன்னு விக்கறாங்க. சிலர் "இதுலயே ஒயினும் போடலாமா"ன்னு கேட்டிருந்தீங்க. கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937 இன்னும் நடப்புல இருக்கு, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

என் கருத்தை நேரடியாவே சொல்லிடறேன். ஹீட்டருக்கும் வயரிங்குக்கும் தாராளமா செலவு பண்ணுங்க. பம்ப்பைத் தள்ளிப் போடுங்க. முழு செட்டை மட்டும் கடன்ல வாங்காதீங்க.

கணக்கைப் பாருங்க. ஒரு லட்ச ரூபாய் செட், 12 சதவீத வட்டி, 3 வருஷம்னு வச்சுக்குவோம். இஎம்ஐ மாசம் சுமார் 3,320 ரூபாய். வாரம் ஒரு தடவை 20 லிட்டர் போட்டா மாசம் 80 லிட்டர். அப்போ லிட்டருக்கு 41 ரூபாய் கடனுக்கே போயிடுது. பாட்டில், சர்க்கரை, பழம், லேபிள் எதையும் நான் இன்னும் சேர்க்கல.

இப்ப கரண்ட் செலவு. 20 லிட்டர் ஜூஸ், அதைச் சுத்தி 10 லிட்டர் தண்ணி, ரெண்டையும் 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்கு ஏத்த சுமார் 2.1 யூனிட் வேணும். வெளியே போற சூட்டையும் சேர்த்து இரண்டரை யூனிட்னு வைங்க. யூனிட் 8 ரூபாய்னாலும் மொத்தம் 20 ரூபாய், லிட்டருக்கு ஒரு ரூபாய். எல்லாரும் பயப்படுறது கரண்ட் பில்லுக்கு, ஆனா கையைக் கடிக்கறது இஎம்ஐ.

"சுத்தி தண்ணி" எதுக்குன்னு கேப்பீங்க. கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சதே அதோட மணத்துக்கும் சுவைக்கும் இருக்கற பேராலதான். வருஷம் பூரா வரத்து இருக்கற பழம், விலை இறங்கற வாரத்துல வாங்கிக் காய்ச்சினா லாபம் நிக்கும். ஆனா அந்தச் சாறு இனிப்பும் புளிப்பும் கலந்தது. குளிக்கற தண்ணி காய வைக்கற ராடை அதுக்குள்ள போட்டா, ராடு மேல சர்க்கரை கருகிப் பிடிக்கும், புளிப்பு உலோகத்தை அரிக்கும். கருகின வாசம் ஒரு தடவை ஏறிட்டா அந்தப் பாட்டிலை மறுபடி யாரும் வாங்க மாட்டாங்க. அதனால பெரிய பாத்திரத்துத் தண்ணிக்குள்ள ஹீட்டர், அதுக்குள்ள ஜூஸ் இருக்கற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம். நம்ம வீட்டு இட்லிக் கொப்பரை மாதிரி யோசனைதான். இப்படி வச்சா கெய்சருக்குப் போடற சாதாரண எலிமென்டே போதும், ஹார்டுவேர் கடையில சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். போர் தண்ணி உப்பா இருந்தா அதுமேல வெள்ளையாப் படியும், அப்பப்ப சுரண்டி எடுக்கணும். தண்ணி இல்லாம மட்டும் சுவிட்ச் போட்டுடாதீங்க, காயில் போயிடும்.

நேரா ஜூஸுக்குள்ளயே வைக்கணும்னு பிடிவாதமா இருந்தா, நீளமா மடிச்ச ஸ்டீல் எலிமென்ட் கேளுங்க. அதே வாட் அதிகப் பரப்புல விரியும், அதனால கருகறது குறையும். விலை கூட.

எத்தனை வாட்? 1,500 வாட்டும் 3,000 வாட்டும் எடுக்கற யூனிட் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நேரம்தான் வித்தியாசம். 3,000 வாட்ல 50 நிமிஷம்னா 1,500-ல நூறு நிமிஷத்துக்கு மேல. ஆனா 3,000 வாட் 13 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டு லைட் வயர்ல அதைச் சொருகினா சூடாகி உருகும். 16 ஆம்பியர் பிளக், 4 ஸ்கொயர் எம்எம் வயர், தனி எம்சிபி, நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இவ்வளவும் வேணும். ஈரக் கையோட நிக்கற வேலைங்க இது. ஆர்சிசிபி-ல மிச்சம் பிடிக்காதீங்க.

மலையடிவார ஊர்ல லைன் கடைசியில இருக்கறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். 230 வோல்ட்டுக்கு 3,000 வாட் தர்ற எலிமென்ட், சாயங்காலம் 180 வோல்ட் வர்றப்போ 1,840 வாட்தான் தரும். ஹீட்டர் பழுதுன்னு நினைச்சுப் புதுசு வாங்கிடாதீங்க. முதல்ல ஒரு மல்டிமீட்டர்ல வோல்டேஜ் பாருங்க, இல்ல காலையில காய்ச்சுங்க.

பம்ப்புக்கு வருவோம். 20 லிட்டருக்கு எதுக்குங்க பம்ப்? பாத்திரத்துக்கு அடியில ஒரு ஸ்டீல் குழாய் வச்சு, கொஞ்சம் உயரத்துல தூக்கி வச்சா பாட்டில் தானா நிறையும். தினமும் 100 லிட்டர் தாண்டற நாள் வந்தா அப்ப யோசிங்க. அன்னிக்கும் வீட்டுல தண்ணி ஏத்தற மோனோபிளாக்கைப் பயன்படுத்தாதீங்க, அது உணவுக்குச் செஞ்சது இல்ல. மேக்னெடிக் டிரைவ் பம்ப் நல்லது, அதுல தண்டு வெளிய வராததால கசிய இடமே இல்ல. ஆனா அது தானா உறிஞ்சாது. பாத்திரத்துக்குக் கீழ வைக்கணும், காலியா ஓட விடக்கூடாது, வேகத்தைக் குறைக்கணும்னா வெளியே போற பக்க வால்வைத்தான் மூடணும். டப்பாவுல போட்டிருக்கற லிட்டரும் மீட்டரும் ஒரே நேரத்துல கிடைக்காது. அந்த உயரத்துக்கு ஏத்தினா ஓட்டம் பூஜ்யம்.

விக்கப் போறீங்கன்னா எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம். வீட்டு கனெக்ஷன்ல வியாபாரம் பண்ணி மின்வாரியம் பிடிச்சா அபராதம் வரும், தனி டாரிஃப் எதுன்னு செக்ஷன் ஆபீஸ்ல கேட்டுக்குங்க. ஒருவேளை வியாபாரம் வளர்ந்து மிஷின் வாங்கியே ஆகணும்னா, பிஎம்எஃப்எம்இ திட்டத்துல பேங்க் லோன் எடுக்கறவங்களுக்குத் திட்டச் செலவுல 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம்னு கொண்டு வந்தாங்க. அது இப்ப திறந்திருக்கான்னு தேனி மாவட்டத் தொழில் மையத்துல விசாரிச்சுட்டு, அப்புறம் நகையை எடுத்துட்டுப் பேங்குக்குப் போங்க. கொட்டேஷன் வாங்கினவங்க விலையை மட்டும் கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல உங்க லிட்டர் கணக்கைப் போட்டுக் காட்டறேன்.