பால் ஸ்கோபீல்ட்: பதிவாகாத பெருமை

ஒரு நடிகரின் பெருமையை அவர் நடித்த திரைப்படங்களைக் கொண்டே அளக்க நாம் பழகிவிட்டோம். அந்த அளவுகோலுக்கு அகப்படாதவர் ஆங்கில நடிகர் பால் ஸ்கோபீல்ட் (1922–2008).

1960இல் லண்டன் மேடையில், ராபர்ட் போல்ட்டின் நாடகத்தில் தாமஸ் மோராக நடித்தார். மன்னன் எட்டாம் ஹென்றிக்காகத் தம் மனச்சான்றை விட்டுக்கொடுக்க மறுத்துத் தலையை இழந்தவர் மோர். அதே வேடம் அவருக்கு நியூயார்க்கில் டோனி விருதையும், 1966இல் வெளிவந்த திரைப்படத்தின் வழியே ஆஸ்கார் விருதையும் பெற்றுத் தந்தது. வேறொருவராயின் ஹாலிவுட்டிலேயே தங்கியிருப்பார். இவரோ மேடைக்குத் திரும்பினார். 'சர்' பட்டத்தையும் ஏற்க மறுத்தார்.

1979இல் 'அமேடியஸ்' நாடகம் முதன்முதலில் அரங்கேறியபோது சாலியேரியாக நடித்தவர் இவரே. ஆயினும் சாலியேரி என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது, 1984இல் வந்த படத்தில் நடித்து ஆஸ்கார் பெற்ற எஃப். முர்ரே ஆபிரகாமின் முகம்தான். அது ஆபிரகாமின் குற்றமன்று. நம் நினைவின் குறை.

பீட்டர் புரூக்கின் இயக்கத்தில் 1962இல் அவர் நடித்த லியர் மன்னனை நாம் கண்டதில்லை. 1971இல் வந்த திரைவடிவமே நமக்கு எஞ்சியிருப்பது. சீற்றத்தைக் கூச்சலாக்காத அந்த வறண்ட தாழ்குரலைக் கேட்கையில், வகுப்பறையில் நாடகத்தை வெறும் அச்சுப்பனுவலாகவே நடத்திவரும் நமக்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. நாடகம் அரங்கத்தில் வாழ்ந்து அங்கேயே மறைவது. மறையும் என்றறிந்தே அதற்குத் தம் வாழ்நாளை ஈந்தவரைப் படப்பட்டியல் கொண்டு மதிப்பிடல் முறையாகுமா?